குளிர் வந்தாச்சு, கசகசப்பு போகலையே! – ஏ.சி. பட்டறை கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து வைத்தால் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றித்தான் பேசுகின்றன. யாரும் 'ஈரப்பதம்' என்று எழுதவில்லை. 'சொட்டுது', 'பிசுபிசுங்குது', 'உதடு வெடிக்குது' என்று எழுதியிருக்கிறார்கள். வேலை பழகும் பிள்ளைகளுக்கு முதல் நாளே தெர்மாமீட்டரைக் கையில் கொடுத்துவிடுகிறோம். காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லிக் கொடுப்பதில்லை. அதனால் இந்த மாதம் அதற்கே இடம்.

கேள்வி: அண்ணா, நான் பெருங்குடியில் ஒரு சர்வீஸ் சென்டரில் அப்ரென்டிஸ். வேளச்சேரியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி பெட்ரூமுக்கு 2 டன் ஸ்பிளிட் மாட்டினோம். ரிமோட்டில் 22 வைத்தால் கொஞ்ச நேரத்தில் 22 வந்துவிடுகிறது. ஆனால் வீட்டுக்காரர், 'உடம்பு பிசுபிசுங்குது, பெட்ஷீட்டைத் தொட்டா ஈரமா இருக்கு' என்று திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார். சீனியர் கேஸ் கம்மி என்கிறார். கேஸ் ஏற்றிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. கேஸ் குறைந்திருந்தால் 22 வருவதற்கே திணறும். இங்கே 22 சீக்கிரம் வந்துவிடுகிறது. கோளாறே அதில்தான் இருக்கிறது.

ஏ.சி.க்கு இரண்டு வேலை. காற்றின் சூட்டைக் குறைப்பது ஒன்று. காற்றில் கலந்திருக்கும் நீராவியைத் தண்ணீராக்கி டிரெயின் வழியாக வெளியே தள்ளுவது இன்னொன்று. முதலாவது தெர்மாமீட்டரில் தெரியும், அதனால் அது உணர் வெப்பம். இரண்டாவது தெர்மாமீட்டருக்குத் தெரியவே தெரியாது. அது உள்ளுறை வெப்பம். பள்ளியில் படித்திருப்பீர்கள், பரீட்சையோடு மறந்திருப்பீர்கள். இந்தத் தொழிலில் அதை மறந்தால் சோறு கிடைக்காது.

கணக்காகவே பார்ப்போம். 1 கிலோ காற்றை 1 டிகிரி குளிர வைக்க, அதிலிருந்து சுமார் 1 கிலோஜூல் வெப்பத்தை எடுத்தால் போதும். அதே காற்றில் இருக்கும் 1 கிராம் நீராவியைத் தண்ணீராக்க, ஏறக்குறைய 2.45 கிலோஜூல் எடுக்க வேண்டும். அதாவது ஒரே ஒரு கிராம் தண்ணீரைப் பிடிக்கிற செலவில் ஒரு கிலோ காற்றை இரண்டரை டிகிரி குளிர வைத்துவிடலாம்.

இப்போது சென்னை மே மாதத்துக்கு வாருங்கள். வெளியே 35 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் (அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய தண்ணீரில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற கணக்கு) 60 சதவீதம் என்று வைப்போம். அந்தக் காற்றில் கிலோவுக்கு 21 கிராம் தண்ணீர் இருக்கும். அறைக்குள் நமக்கு வேண்டியது 24 டிகிரி, 50 சதவீதம். அதில் 9 கிராம்தான். கதவைத் திறந்து மூடும்போது உள்ளே நுழைகிற ஒவ்வொரு கிலோ காற்றுக்கும் சூட்டுக் கணக்கில் 11 கிலோஜூல், தண்ணீர்க் கணக்கில் 12 கிராம், அதாவது 29 கிலோஜூல். கண்ணுக்குத் தெரியாத கணக்கு, தெரிகிற கணக்கைப் போல இரண்டரை மடங்கு!

உங்கள் 2 டன் மெஷின் என்ன செய்கிறது? 120 சதுர அடி அறையின் சூட்டை அடித்து நொறுக்கிவிடுகிறது. 22 வந்ததும் சென்சார் 'போதும்' என்கிறது, கம்ப்ரசர் நிற்கிறது அல்லது இன்வெர்ட்டராக இருந்தால் அடங்கிப் போகிறது. சென்சாருக்குத் தண்ணீர்க் கணக்கு தெரியாது. ஆனால் தண்ணீர் வெளியேற நேரம் வேண்டும். கூலிங் காயில் (உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருள்) முதலில் அறைக் காற்றின் பனிப்புள்ளிக்கு, அதாவது நீராவி தண்ணீராக ஆரம்பிக்கும் வெப்பநிலைக்கு, கீழே இறங்க வேண்டும், அதன் மெல்லிய தகடுகளான ஃபின்னில் தண்ணீர் துளி துளியாகச் சேர வேண்டும், துளிகள் ஒன்றுகூடி வழிய வேண்டும், டிரேயை நிரப்பி டிரெயினுக்குப் போக வேண்டும். அது வழிய ஆரம்பிக்கும்போதே கம்ப்ரசர் நின்றுவிட்டால்? உள்ளே ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஈரமான ஃபின் மேல் காற்று அடித்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகி அறைக்கே திரும்புகிறது. காசு கொடுத்துப் பிடித்த தண்ணீரைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். 22 டிகிரியில் 80 சதவீதம் என்றால் காற்றில் இன்னும் 13 கிராம் இருக்கிறது. பருத்தி பெட்ஷீட் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வீட்டுக்காரர் சொன்னதில் தப்பே இல்லை.

சீனியரோடு வாக்குவாதம் வேண்டாம். டிரெயின் பைப் முனையில் ஒரு லிட்டர் ஜக்கை ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். மணிக்கு 1 லிட்டர் தண்ணீர் வந்தால் மெஷின் ஏறக்குறைய 680 வாட் அளவுக்கு உள்ளுறை வெப்பத்தை இழுக்கிறது, டன்னில் ஐந்தில் ஒரு பங்கு. உங்கள் இடத்தில் ஜக்கின் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

இப்போதைக்கு ஃபேனைக் குறைந்த வேகத்தில் வையுங்கள். காற்று மெதுவாகப் போனால் காயில் இன்னும் குளிரும், தண்ணீர் அதிகம் விழும். டிரை மோடைப் பழக்கப்படுத்துங்கள். பாத்ரூம் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். அந்த அறையில் துணி காயப்போட்டால் எந்த மெஷினும் ஜெயிக்காது. நிரந்தரத் தீர்வு 1 டன் மெஷின்தான். மேல் மாடி, மேற்குச் சுவர் என்றால் ஒன்றரை. 'பெருசா போட்டா சீக்கிரம் குளிரும்' என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். குளிரும், அவ்வளவுதான்.

இன்னொன்று. உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 12 டிகிரி வித்தியாசம் இல்லை என்றால் உடனே கேஸ் கேஜை மாட்டுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மழைக்கால அறையில், புதிதாக ஆன் செய்த மெஷினில், 8 டிகிரி வித்தியாசம்தான் காட்டும். மெஷின் நன்றாகத்தான் இருக்கும். பலத்தில் பாதி தண்ணீர்க் கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கும். முதலில் டிரெயினைப் பாருங்கள், அப்புறம் கேஜை எடுங்கள்.

கேள்வி: ஐயா, 1 டன் ஏ.சி. என்றால் மூன்றரை கிலோவாட் என்று வகுப்பில் சொன்னார்கள். ஆனால் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு கிலோவாட் சுற்றித்தான் இழுக்கிறது. மீதி இரண்டரை எங்கிருந்து வருகிறது? — ஐ.டி.ஐ. மாணவர், அரியலூர்

பதில்: எங்கிருந்தும் வரவில்லை. அறைக்குள் ஏற்கெனவே இருந்த வெப்பம் அது. ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தைச் சுமந்துபோய் வெளியே கொட்டுகிறது. நீங்கள் மீட்டரில் பார்த்தது சுமைகூலி. மூன்றரை கிலோவாட்டைத் தூக்கிப்போக ஒரு கிலோவாட் கூலி. அந்தக் கூலியும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். ஆக அவுட்டோர் யூனிட் நாலரை கிலோவாட்டை வெளியே தள்ளியாக வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டவர் அவுட்டோரை கிரில் போட்ட பால்கனி மூலையில் அடைத்து வைக்கமாட்டார். அது கொட்டிய சூட்டையே திரும்ப உறிஞ்சும். சுற்றிலும் 45, 50 டிகிரி காற்று சுழன்றால், கூலி ஏறும், சுமக்கிற அளவு குறையும்.

3.517 கிலோவாட் என்ற விநோத எண் ஐஸ் வியாபாரத்திலிருந்து வந்தது. அமெரிக்க டன் 907 கிலோ. அவ்வளவு ஐஸ் 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அது 1 டன். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல். பெருக்கி, ஒரு நாளின் 86,400 விநாடியால் வகுத்துப் பாருங்கள், மூன்றரை வரும். சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. மெரினாவுக்கு எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லம், 1842-இல் ஃபிரடெரிக் டியூடர் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான். அந்தப் பக்கம் சர்வீஸுக்குப் போனால் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: சார், நான் கிண்டியில் ஒரு ஆபீஸ் கட்டடப் பராமரிப்பில் பயிற்சியில் இருக்கிறேன். மே மாதம் முழுக்கப் பிரச்சினை இல்லை. நவம்பர் மழையில் ஃபால்ஸ் சீலிங்கிலிருந்து சொட்ட ஆரம்பித்துவிட்டது. டிரெயின் லீக் என்று நினைத்து இரண்டு டிரேயையும் மாற்றிவிட்டோம். இன்னும் சொட்டுகிறது. வெளியே வெயிலே இல்லாதபோது ஏன் இப்படி?

பதில்: கேளும்மா, டிரேயை விட்டுவிடு. ஒரு ஏணி போட்டு, சீலிங் டைலைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார். குளிர்ந்த காற்று போகும் சப்ளை டக்ட்டின் அடிப்பக்கமும் பைப் எல்போக்களும் வியர்த்திருக்கும்.

பனிப்புள்ளி என்பது, காற்றை எந்த வெப்பநிலைக்குக் குளிர வைத்தால் அதிலிருக்கும் நீராவி தண்ணீராக ஆரம்பிக்குமோ அந்த வெப்பநிலை. எந்தப் பரப்பு அதற்குக் கீழே போகிறதோ அந்தப் பரப்பில் தண்ணீர் படியும். மே மாதத்து 35 டிகிரி, 60 சதவீதக் காற்றின் பனிப்புள்ளி 26. நவம்பர் மழை நாளில் 28 டிகிரி, 90 சதவீதம் என்று வைத்துக்கொள். அதன் பனிப்புள்ளியும் 26 தான். இரண்டு நாளிலும் காற்றில் ஏறக்குறைய அதே அளவு தண்ணீர். சதவீதத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இது பிடிபடாது. என் பையன்கள் சதவீதம் சொன்னால் திட்டு விழும், பனிப்புள்ளியைச் சொல்லு என்பேன்.

அப்படியானால் மே மாதம் ஏன் சொட்டவில்லை? அங்கேதான் இன்சுலேஷன் வருகிறது. பைப் 9, 10 டிகிரியில் ஓடுகிறது. டக்ட்டில் 13 டிகிரி காற்று. இன்சுலேஷனின் வேலை குளிர் வீணாகாமல் பார்ப்பது மட்டும் அல்ல. தன் வெளித்தோலைப் பனிப்புள்ளிக்கு மேலே வைத்திருக்க வேண்டும். மே மாதம் சுற்றுக் காற்று 35-இல் இருந்தது. வெளித்தோல் சூடாகி 30-க்கு மேலேயே நின்றது. 26-க்கு இறங்க வழியில்லை. நவம்பரில் சுற்றுக் காற்றே 28 தான். வெளித்தோல் வெறும் இரண்டு டிகிரி இறங்கினாலே வியர்வை. இடைவெளி அவ்வளவுதான்.

இன்சுலேஷன் கனத்தைக் கூட்டினால் போதுமா என்று அடுத்துக் கேட்பாய். 9 மில்லிமீட்டர் நைட்ரைல் (ரப்பர் நுரை உறை) சென்னை ஃபால்ஸ் சீலிங்குக்குப் போதாது என்பது என் அபிப்பிராயம். 19 போட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஆனால் சுற்றுக் காற்று 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் தேவைப்படும் கனம் மளமளவென ஏறும். 90-இல் எவ்வளவு சுற்றினாலும் ஒரு மூலையில் வியர்க்கத்தான் செய்யும். அதனால் அந்தச் சீலிங்குக்குள் ஈரக் காற்று எங்கிருந்து வருகிறது என்று தேடு. பீம் ஓரத்து ஓட்டை, கேபிள் போகும் துளை, ஏ.சி. மாட்டியபோது உடைத்த சுவரில் பூசாமல் விட்ட வாய். டாய்லெட் எக்ஸாஸ்ட்டை வெளியே கொண்டுபோகாமல் சீலிங்குக்குள்ளேயே விட்டிருக்கிறார்களா என்றும் பார். சிரிக்காதே, நிறைய இடத்தில் இருக்கிறது.

அப்புறம் ஜாயின்ட்டுகள். நீராவி அழுத்தத்தோடு வருகிறது. மழை நாள் காற்றில் அதன் அழுத்தம் சுமார் 3.4 கிலோபாஸ்கல். 9 டிகிரி பைப் பரப்பில் அது 1.15 தான். இந்த வித்தியாசம் இரவும் பகலும் தள்ளிக்கொண்டே இருக்கும். ஊசித்துளை கிடைத்தால் போதும், உள்ளே புகுந்து பைப்பின் மேல் தண்ணீராகும். கத்தியால் கீறி மாட்டிய நைட்ரைலுக்கு வெறும் டேப் ஒட்டினால் ஒரு வருடத்தில் உரிந்துவிடும். இரண்டு விளிம்புக்கும் பசை தடவி, காய விட்டு, அழுத்தி ஒட்டி, அதன் மேல் டேப். கிளாம்ப் இருக்கும் இடத்தில் இரும்பு நேராகக் காப்பரைப் பிடித்திருந்தாலோ, இன்சுலேஷனை நசுக்கியிருந்தாலோ, அங்கே நிச்சயம் சொட்டும். கெட்டியான பஃப் (இறுகிய நுரை) பிளாக்கோ மரக்கட்டையோ வைத்து அதன் மேல் கிளாம்ப் போட வேண்டும். ஸ்பிளிட்டில் இரண்டு பைப்பையும் சேர்த்து ஒரே உறைக்குள் திணிக்கிற வேலையும் வேண்டாம், தனித்தனியாக.

ஏற்கெனவே நனைந்த கண்ணாடிப் பஞ்சின் மேல் இன்னொரு சுற்று சுற்றிவிட்டு 'முடிஞ்சுது சார்' என்று சொல்வதுதான் இந்த ஊர் வழக்கம். தண்ணீர் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். நனைந்த பஞ்சு இன்சுலேஷனே இல்லை. கிழித்து எறிந்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லு. பில் கூடும், மேனேஜர் முகம் சுளிப்பார். ஆனால் அடுத்த மழைக்கு 'சொட்டுது' என்று உன்னைக் கூப்பிடமாட்டார்.

கேள்வி: எங்கள் கடையில் ஏர் கூலர் விற்கிறோம், சர்வீஸும் செய்கிறோம். மதுரை மாமா வீட்டில் சூப்பராக வேலை செய்கிற அதே மாடல், திருவான்மியூர் கஸ்டமரிடம் திட்டு வாங்கித் தருகிறது. மோட்டார் மாற்றியும் பயனில்லை.

பதில்: மோட்டாரை விடுங்கள். கூலர், காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீரை ஆவியாக்குகிறது. வெப்பம் வெளியே போவதே இல்லை. சூட்டுக் கணக்கிலிருந்து தண்ணீர்க் கணக்குக்கு மாறுகிறது, அவ்வளவுதான். தெர்மாமீட்டர் குமிழில் ஈரத் துணி சுற்றிக் காற்றில் பிடித்தால் காட்டுவது ஈரக்குமிழ் வெப்பநிலை. இந்த மாதிரி எந்தக் கூலரும் அதற்குக் கீழே இறங்க முடியாது. மதுரையில் 40 டிகிரி, 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 25. நல்ல பேட் இருந்தால் காற்று 29-க்கு வரும், பதினோரு டிகிரி லாபம். திருவான்மியூரில் கடற்காற்று ஏறிய பிறகு 35 டிகிரி, 60 சதவீதம் என்றால் ஈரக்குமிழே 28. வரும் காற்று 30, அதுவும் தண்ணீர் நிரம்பிய காற்று, வியர்வை காயாது. கடற்கரைப் பக்கம் விற்பதாக இருந்தால், ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லியாவது விற்கவும்.

கேள்வி: அண்ணா, கோவையில் ஒரு ஸ்பின்னிங் மில்லின் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் சேர்ந்திருக்கிறேன். என் நண்பன் ஐ.டி. கம்பெனி ஏ.சி.யில் தண்ணீரை வெளியே எடுக்கிறான். நான் உள்ளே தெளிக்கிறேன். ஒரே தொழில்தானா இது?

பதில்: ஒரே தொழில்தான், காற்றின் சூட்டையும் ஈரத்தையும் காட்டும் வரைபடத்தில் நீங்கள் எதிர்த் திசையில் போகிறீர்கள். பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தரக் கணக்குக்கு அதன் உலர்ந்த எடையில் 8.5 சதவீதம் என்று எடுத்துக்கொள்வார்கள். காற்று காய்ந்தால் நூல் மொறமொறப்பாகி அறுந்துபோகும், நிலைமின்சாரம் ஏறும், பஞ்சுத் தூசி பறக்கும். காற்று ரொம்ப ஈரமானால் ரோலரில் சுற்றிக்கொள்ளும். ஸ்பின்னிங்கில் 55-இலிருந்து 60 சதவீதம் வைக்கிறார்கள். தறி ஓடும் இடத்தில் இன்னும் மேலே.

மெஷின்கள் இழுக்கிற மின்சாரம் முழுக்கக் கடைசியில் ஷெட்டுக்குள் வெப்பமாகத்தான் நிற்கும். ஏர் வாஷர் (காற்றில் தண்ணீரைத் தெளிக்கிற அறை) அந்த வெப்பத்தை வைத்தே தண்ணீரை ஆவியாக்கி, இரண்டு காரியத்தையும் ஒரே அடியில் முடிக்கிறது. முன் பதிலில் சொன்ன கூலரின் அண்ணன் அது. உங்கள் கையில் இருக்கும் வேலை இரண்டு. நாஸில் அடைக்காமல் பார்ப்பது ஒன்று. எலிமினேட்டர் பிளேட் வளையாமல் பார்ப்பது இன்னொன்று. பிளேட் சரியில்லை என்றால் ஆவிக்குப் பதில் துளியே பறந்து போய் நூலில் விழும்.

ஒரு சுவையான தகவல். இன்று நாம் ஏ.சி. என்று சொல்கிற இந்தத் தொழிலே மனிதருக்குக் குளிர்காட்ட ஆரம்பித்தது இல்லை. 1902-இல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் தாள் ஈரத்தில் விரிந்து, வண்ணம் ஒன்றோடொன்று பொருந்தாமல் போனது. வில்லிஸ் கேரியர் அதற்காகத்தான் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை வடிவமைத்தார்.

கேள்வி: ஊட்டியில் காட்டேஜ்களுக்கு ஹீட்டர் மாட்டுகிறோம். ஒரு கெஸ்ட், 'ஹீட்டர் ரூமைக் காய வைக்குது, உதடு வெடிக்குது' என்கிறார். பக்கத்து ரூம் கெஸ்ட், 'ஜன்னல் கண்ணாடியில் தண்ணி ஊத்துது' என்கிறார். இரண்டும் எப்படி ஒரே இடத்தில் நடக்கும்? — உதவியாளர், குன்னூர்

பதில்: முதல் ரூமில் எலக்ட்ரிக் ஹீட்டர், இரண்டாவது ரூமில் புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டர் அல்லது நாலைந்து பேர் அடைந்து கிடக்கிறார்கள். சரியா?

எலக்ட்ரிக் ஹீட்டர் காற்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரையும் எடுப்பதில்லை. வெளியே 5 டிகிரி, 80 சதவீதம் என்றால் அந்தக் காற்றில், கடல் மட்டக் கணக்குப்படி, கிலோவுக்கு 4.3 கிராம் தண்ணீர்தான். குளிர்ந்த காற்றில் அவ்வளவுதான் தங்கும். அதையே உள்ளே 22-க்குச் சூடாக்கினால் தண்ணீர் அதே 4.3 கிராம். ஆனால் 22 டிகிரியில் காற்று 16.7 கிராம் வரை தாங்கும் என்பதால் ஒப்பு ஈரப்பதம் 26 சதவீதமாகிவிடுகிறது. அதனால்தான் உதடு வெடிக்கிறது. 22-ஐ 18 ஆக்கி, ஒரு கம்பளி கூடக் கொடுத்தால் போதும்.

இரண்டாவது ரூமில், 1 கிலோ சமையல் கேஸ் எரிந்தால் 1.6 கிலோ அளவுக்கு நீராவி உண்டாகும். வெளியே 5 டிகிரி இருக்கும்போது ஒற்றைக் கண்ணாடியின் உட்பரப்பு பத்து, பன்னிரண்டு டிகிரிக்கு மேல் போகாது. மேலே கிண்டித் தங்கைக்குச் சொன்ன பனிப்புள்ளிக் கதைதான்.

ஆனால் கண்ணாடியில் வழிகிற தண்ணீர் எனக்குக் கவலை இல்லை. கேஸ் எரிந்த புகை வெளியே போகவில்லை என்பதற்கு அது சாட்சி. காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார். மூடிய அறையில் கரி அடுப்பு, புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டர், பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இதையெல்லாம் முதலாளி சொன்னாலும் மாட்டாதீர்கள். வேலையை விட்டாலும் பரவாயில்லை.

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாக டிஜிட்டல் ஈரமானி வாங்கினேன். சீனியரின் மீட்டருக்கும் என்னுடையதற்கும் 12 சதவீதம் வித்தியாசம். யாருடையது சரி?

பதில்: ஒரு பாட்டில் மூடியில் பொடி உப்பைப் போட்டு, சேறு போல ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. அதையும் இரண்டு மீட்டரையும் காற்றுப் புகாத ஒரு டிபன் டப்பாவில் வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் டப்பாவுக்குள் 75 சதவீதம் இருக்கும், உப்புக்கு அதுதான் குணம். அதற்குப் பக்கத்தில் காட்டும் மீட்டர் நல்ல மீட்டர். அடுத்த தடவை கையால் சுழற்றும் சைக்ரோமீட்டர் (இரண்டு தெர்மாமீட்டர், ஒன்றின் குமிழில் ஈரத் திரி) கிடைத்தால் விடாதீர்கள். திரி சுத்தமாகவும், ஊற்றும் தண்ணீர் காய்ச்சி வடித்ததாகவும் இருக்க வேண்டும். எண்ணெய்க் கை பட்ட திரி பொய் சொல்லும்.

கேள்வி: அண்ணா, தோஹாவில் ஒரு ஹோட்டல் பிளான்ட்டில் ஹெல்பராக இருக்கிறேன், ஊர் பட்டுக்கோட்டை. ஆகஸ்டில் சில்லர் தாங்கவில்லை என்று சூப்பர்வைசர் ஃப்ரெஷ் ஏர் டாம்பரை (வெளிக்காற்றை உள்ளே விடும் தடுப்புக் கதவு) முழுக்க மூடச் சொல்கிறார். மூடினால் ரூம் குளிர்கிறது. ஆனால் இது சரியா?

பதில்: அவர் அவஸ்தை புரிகிறது. வளைகுடாவில் ஆகஸ்ட் இரவில் பனிப்புள்ளி 28-ஐத் தொடும். கிலோ காற்றுக்கு 24 கிராம் தண்ணீர். உள்ளே வேண்டியது 9. இருபது பேர் உட்காரும் மீட்டிங் ஹாலுக்கு, தலைக்கு விநாடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று கொடுத்தால், அந்தக் காற்று மட்டும் மணிக்கு 12 லிட்டர் தண்ணீரை உள்ளே கொண்டுவரும். அதைப் பிடிக்க மட்டும் சுமார் 2.4 டன் போகும். சூட்டைக் குறைக்கிற கணக்கு இன்னும் சேர்க்கவே இல்லை.

ஆனாலும் மூடினால் ஈரம் நிற்காது. பாத்ரூம் எக்ஸாஸ்ட், கிச்சன் எக்ஸாஸ்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அவை வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். டாம்பர் வழியாக வந்தால் கூலிங் காயில் அதன் தண்ணீரைப் பிடித்துவிடும். டாம்பரை மூடினால் லாபி கதவு, ஜன்னல் சட்டம், சுவர் விரிசல் வழியாக அதே ஈரக் காற்று காயிலைப் பார்க்காமலே அறைக்குள் வரும். ஹோட்டல் அறைகளில் வினைல் வால்பேப்பருக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் படர்வது இப்படித்தான். வெளியிலிருந்து சுவருக்குள் வந்த ஈரம் வினைலைத் தாண்ட முடியாமல், குளிர்ந்த அதன் முதுகிலேயே தண்ணீராகிறது. உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலைவலி, தூக்கம் தனி.

உன் நிலையில் சூப்பர்வைசரை எதிர்த்துப் பேச முடியாது. ஒன்று செய். லாபி கதவைக் கால் இஞ்ச் திறந்து, ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடி. டாம்பர் மூடியிருக்கும்போது பேப்பர் உள்ளே இழுபடும். அதை அவருக்கே காட்டு. பிறகு மெதுவாக இரண்டு விஷயம் கேள். ஆளில்லாத ஹாலுக்கும் முழுக் காற்று போகிறதா, கார்பன் டை ஆக்சைடு சென்சார் வைத்து ஆளுக்குத் தகுந்தாற்போல் டாம்பரைக் குறைக்க முடியுமா என்று ஒன்று. மாடியில் இருக்கும் ஃப்ரெஷ் ஏர் யூனிட்டில் ஹீட் ரெக்கவரி வீல் இருந்தால் அது நிஜமாகவே சுழல்கிறதா என்று இன்னொன்று. வெளியே போகும் காய்ந்த, குளிர்ந்த காற்றிடம் உள்ளே வரும் ஈரத்தையும் சூட்டையும் அந்த வீல் கைமாற்றிவிடும். அதன் பெல்ட் அறுந்து கிடப்பது மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமலே இருக்கும், ஏனென்றால் ஃபேன் சத்தம் வழக்கம்போல் வந்துகொண்டே இருக்கும். நாளை காலை டூட்டியில் முதலில் அந்தப் பெல்ட்டைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.